குங்குமம் வைத்த சர்ட்டிபிகேட்

நான் திருவனந்தபுரத்துக்குக் குடிபோகப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் என்னை லண்டனுக்குப் போகிறவனைவிடக் கவலையோடு பார்த்தார்கள். லண்டனுக்குப் போனவன் ஆசாரம் கெட்டுப்போவான், அவ்வளவுதான். மலையாளத்துக்குப் போனவனுக்கோ சோற்றில் மருந்து வைத்துவிடுவார்கள்; பிறகு அவன் பெற்றோரை மறந்து, தலையில் தேங்காயெண்ணெய் வழிய, அங்கேயே கிடப்பான். அப்படி மருந்து வைக்கப்பட்ட ஒருவரையும் தெருவில் யாரும் நேரில் கண்டதில்லை. அவர்கள் திரும்பி வராததே அதற்கு அத்தாட்சி என்றார்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு பகல் பஸ் பிரயாணம்தான். ஆனாலும் அது வேறு தேசம். ராஜா வேறு, நாணயம் வேறு, தபால்கூட வேறு. ஆரல்வாய்மொழியில் சுங்கச் சாவடி போட்டு மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

எனக்கு அங்கே வேலை கிடைத்தது என் படிப்பினால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ரசத்தினால் கிடைத்தது. அப்பா கல்யாண சமையல்காரர். ஒரு கல்யாணத்தில் அவர் வைத்த ரசத்தை மூன்று தரம் வாங்கிக் குடித்த திருவனந்தபுரத்து வக்கீல் ஒருவர், சமையற்கட்டுக்கே வந்து, "ஓய், உமக்குப் பிள்ளை உண்டோ? இங்கிலீஷ் அறியுமோ?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா கரண்டியைக் கீழே வைக்காமலே, "எழுதினா முத்து முத்தா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். தஸ்தாவேஜுகளுக்கு நகல் எழுதும் வேலை. சர்ட்டிபிகேட்டோடு வரச் சொல்லிக் கடிதமும் வந்தது.

தகராறு அங்கேதான் ஆரம்பித்தது. தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை குத்திக் கொடுத்த அந்தச் சர்ட்டிபிகேட்டை அம்மா பூஜை அலமாரியில் பிள்ளையார் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் நிறுத்தியிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு படங்களுக்கும் பொட்டு வைக்கிற கையோடு அதற்கும் ஒன்று வைப்பாள்.

"அதை எடுக்கப்படாது" என்றாள்.

"வக்கீல் கேட்கிறாரே, அம்மா."

"கேட்டா, ஆத்துல இருக்குன்னு சொல்லு. அது இங்க இருந்தாத்தான் நீ திரும்பி வருவே. நீயும் போயி அதுவும் போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு?"

இதற்கு இங்கிலீஷ் படித்தவனிடம் ஒரு யோசனை இருந்தது. நல்ல காகிதம் ஒன்று வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து, எழுத்துக்கு எழுத்து ஒரு நகல் செய்தேன். நகல் எழுதும் வேலைக்கு நகலே அத்தாட்சியாக இருக்கட்டுமே என்று எனக்கு அதில் பெருமை வேறு. தலைமை ஆசிரியரின் கையெழுத்தை, கடைசியில் அவர் இழுக்கும் வால் உட்பட, இழுத்தேன். பஞ்சபாத்திரத்தைக் கவிழ்த்து வட்டம் போட்டு, வயலட் பென்சிலை எச்சில் தொட்டு, முத்திரையையும் வரைந்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் வக்கீலின் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அவர் காகிதத்தை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். பிறகு விரலை நனைத்து முத்திரையின் ஓரத்தில் தேய்த்தார். முத்திரை அவர் விரலுக்கு வந்துவிட்டது.

"அம்பி, இந்தக் கையெழுத்து ஆரோடது?"

"என்னுடையதுதான் சார்" என்றேன் அடக்கமாக. "வால் மட்டும் நாலு தரம் போட்டுப் பார்த்தேன்."

வக்கீல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கள்ளக் கையெழுத்துப் போட்டவாளுக்காக நான் கோர்ட்டிலே வாதிச்சிருக்கேன். ஒருத்தனாவது இப்படிச் சந்தோஷமா ஒத்துக்கலை, கேட்டியோ! இது ஜெயிலுக்குப் போற காரியமாக்கும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்: "அந்தப் பிள்ளைக்குக் காப்பி இப்பவே குடுக்கட்டுமா, இல்லே போலீஸ் வந்துட்டுப் போனப்பறமா?"

காப்பி உடனே வந்தது. அதோடு ஒரு கெடுவும் வந்தது. பதினைந்து நாளைக்குள் அசல் வர வேண்டும். வராவிட்டால் நான் ஊருக்கு பஸ் ஏற வேண்டும். நானே போய் எடுத்து வருகிறேன் என்றேன். "போனா நீ அப்படியே முங்கிடுவே. இங்கேயே இருந்துண்டு ஒரு லெட்டர் போட்டா மதி, அது போதும்" என்றார்.

கடிதம் எழுதினேன். அம்மாவின் மனம் இளகும்படி நாலு பக்கம். ஊரில் படிக்கத் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு இதை வாசிக்கச் சொல்லவும் என்று மேலே குறிப்பும் எழுதினேன். அதைத் தபாலில் சேர்ப்பதில்தான் என் தேசபக்தி குறுக்கிட்டது. இந்த ஊரில் இரண்டு தபால். பிரிட்டிஷ் தபாலுக்குச் சிவப்புப் பெட்டி. ராஜாவின் அஞ்சலுக்குப் பச்சைப் பெட்டி. வந்தேறிகள்தான் சிவப்புப் பெட்டியைத் தேடிப் போவார்கள், இனி நான் இந்த நாட்டான் என்று எண்ணி, ராஜாவின் தலையையே ஒட்டிப் பச்சைப் பெட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்து நடந்தேன். அஞ்சல், ராஜாவின் எல்லைக்குள் மட்டும் போகும் என்பது வீட்டுக்கு வீடு குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நான் குழந்தையாக அங்கே இருந்ததில்லை.

இதற்கிடையில் குடியேறும் காரியங்களையும் கவனித்தேன். ஒரு தாழ்வாரத்து அறை, வக்கீல் வீட்டிலேயே சாப்பாடு. அம்மா சொல்லி அனுப்பியபடி முதல் கவளத்தைக் காக்கைக்கு வைத்து, அது சாகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். காக்கை சாகவில்லை, நாலாம் நாள் தன் சொந்தக்காரர்களையும் அழைத்து வந்தது. "உனக்குப் பக்தி ஜாஸ்தியாக்கும்" என்று வக்கீல் மனைவி மெச்சி, காக்கைகளுக்கென்றே ஒரு பிடி கூடப் போட்டாள். நான் எதையும் திருத்தவில்லை. சோற்றுக்குச் சுக்கு வெந்நீர், தலைக்குத் தேங்காயெண்ணெய், தினம் இரண்டு குளியல் என்று உடம்பு சீக்கிரமே கட்சி மாறிவிட்டது. நாக்குக்குத்தான் நாளாயிற்று. கடைத்தெருவில் நான் மலையாளத்தில் கேட்டால் கடைக்காரர் இரக்கப்பட்டுத் தமிழில் பதில் சொல்வார்.

பன்னிரண்டாம் நாள் என் கடிதம் என்னிடமே திரும்பி வந்தது. மேலே யாரோ மலையாளத்தில் கிறுக்கியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன்: சிவப்புப் பெட்டியில் போடவும். இனிச் சிவப்புப் பெட்டியில் போட்டாலும், அது போய், வாசிக்கப்பட்டு, அம்மா அழுது, அசல் வந்து சேர இன்னும் ஒரு வாரமாகும். கெடுவுக்கு இருந்தது மூன்று நாள். வக்கீலிடம் இதைச் சொல்லும் தைரியம் வரவில்லை. பெட்டியை எடுத்துத் துணிகளை மடிக்கலானேன். எங்கள் வம்சத்தின் முதல் படிப்பாளி, போட்ட கடிதம் ஊர் போய்ச் சேராத ஒரே காரணத்தால் ஊர் போய்ச் சேரப் போகிறான்.

பதினாலாம் நாள் காலை வாசலில் அப்பா நின்றார். கையில் துணிப்பை, காதில் வெற்றிலைக் காம்பு.

"வாயைத் திற" என்றார்.

திறந்தேன்.

"நாக்கு கறுக்கலை. மருந்து வைக்கலை போலிருக்கு. லெட்டர் ஏண்டா போடலை? உங்கம்மா ரெண்டு வாரமாப் பட்டினி. பழையது மட்டும்தான் சாப்பிடறா, அதுவும் ரெண்டு வேளை."

"போட்டேன்ப்பா. வேற தேசத்துப் பெட்டியிலே போட்டுட்டேன்."

அதை அவர் விசாரிக்கவில்லை. "கிளம்பு. ரயில்ல போயிடலாம். தென்காசியிலே ஒரு மிராசுதார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் தேடறார். போற வழியிலேயே இறங்கிப் பாத்துடணும்னு உங்கம்மா உத்தரவு. அங்க காட்டறதுக்கு இதையும் குடுத்தனுப்பியிருக்கா" என்று பையிலிருந்து, அப்பளக் கட்டுக்கு அடியிலிருந்து, ஒரு மஞ்சள் துணியை உருவினார். பிரித்தால் சர்ட்டிபிகேட். இடது மூலையில் அத்தனை வெள்ளிக்கிழமையும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, அரையணா அகலத்துக்கு ஒரு குங்குமக் கறை.

என்னை மீட்டுக்கொண்டு போக வந்த காகிதத்தை நான் அப்பா கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, வக்கீலின் முன்னறைக்கு ஓடினேன்.

வக்கீல் அசலையும் என் நகலையும் மேஜைமேல் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எழுத்துக்கு எழுத்து செரிதான். ஆனா நகலைப் பார்த்தா அசல் மாதிரி இருக்கு, அசலைப் பார்த்தா மாரியம்மன் மாதிரி இருக்கு. இந்தப் பொட்டு ஆரு வெச்சது, ஹெட்மாஸ்டரா?"

"அவன் அம்மா" என்றார் அப்பா, பின்னால் நின்றபடி.

"ஓய், நீரா! ரசக்காரரே, உட்காரும். உம்ம பிள்ளைக்கு இங்கே வேலை உறைச்சாச்சு, ஸ்திரமாக்கும். அசல் என் அலமாரியிலே இருக்கட்டும். இவன் இங்கே இருக்கற காலம் மட்டும்."

அப்பா உட்காரவில்லை. "அது முடியாதே. பிள்ளையையும் கூட்டிண்டு போகலை, காகிதத்தையும் கொண்டுபோகலைன்னா என்னை ஆத்துக்குள்ளேயே விடமாட்டா. அப்புறம் நானும் இங்கேதான் இருக்கணும். ஊட்டுப்புரையிலே தினம் தர்மச் சாப்பாடு போடறா, எனக்குக் கஷ்டமில்லை. ஆனா அவ விடமாட்டா."

வக்கீல் நகலை அவர் பக்கம் நகர்த்தினார். ஆனால் சட்டம் தெரிந்தவர். முதலில் என்னை அழைத்து, அடியில் இது நகல் என்று இங்கிலீஷில் பெரிதாக எழுத வைத்து, நான் போட்ட தலைமை ஆசிரியரின் கையெழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடும் இழுக்க வைத்தார். எங்கள் வீட்டில் அதை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் இங்கே இருப்பேன்.

அப்பா நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னமோ குறையறதே" என்று உள்ளே போய், வக்கீல் மனைவியிடம் குங்குமச் சிமிழை வாங்கி வந்தார். அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது மூலையில் ஒரு சிட்டிகை வைத்துத் தேய்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அது போதவில்லை. இன்னொரு சிட்டிகை. கடைசியில் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டார், பழைய கறை இழுபட்டிருந்த அதே திசையில்.

"பரவாயில்லையா?" என்று வக்கீலைக் கேட்டார்.

"உம்ம வம்சத்துக்கே கை செரியில்லை" என்றார் வக்கீல்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மா என்னை நேரே பூஜை அலமாரிக்கு இழுத்துப் போனாள். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் நகல் நின்றுகொண்டிருந்தது. கறை இன்னும் பெருத்திருந்தது.

"பாத்தியா? இது இங்க இருக்கறதாலதான் நீ ஒழுங்கா வந்து சேர்ந்தே" என்றாள்.

அப்பா கூடத்து உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றார். நான் சிவப்புக் கோட்டைப் பார்க்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.