நசுங்கிய கூழ்க்குடம்

எங்கள் ஜிம்மில் கால் தள்ளும் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் குடம் இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கிப்போனது. உத்திரமேரூரில் பெண்களுக்கான காலை வகுப்பை நடத்துகிறவள் நான். டம்பெல் எங்கே என்று கேட்பவர்களைவிட, அந்தக் குடம் இங்கே எதற்கு என்று கேட்பவர்கள்தான் அதிகம். அது என் மாமியாருடையது.

ஆடி மாதம் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு குடம் கூழ் காய்ச்சி, மஞ்சள் பூசி வேப்பிலை கட்டி, இடுப்பில் சுமந்துபோய் அம்மன் கோயில் அண்டாவில் ஊற்றுவார்கள். எங்கள் வீட்டுக் குடத்தை எப்போதும் அத்தைதான் சுமப்பார். குளியலறையில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்ட பிறகு, நான் சுமக்கிறேன் என்றாலும் விடவில்லை. "நான் உசுரோடதான கீறேன்?" என்றார். இரண்டு ஆடிக்கு என் கணவர் குடத்தை பைக்கில் வைத்துக் கொண்டுபோனார். "அம்மனுக்குப் பார்சல் அனுப்புறானுங்க" என்று அத்தை அன்றெல்லாம் சாப்பிடாமல் படுத்துக்கிடந்தார். மறுபடியும் அந்தக் குடத்தைத் தூக்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

உடற்பயிற்சி செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் ஜிம்முக்கு அழைத்து வந்தேன். நைட்டிக்குள் என் டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு வருவார். கால் தள்ளும் மெஷினில் சாய்ந்து படுத்து, "இது நல்லாகீதும்மா, கீழ வுளமாட்டேன்" என்றார். எனக்கும் அதுதான் வசதி. மெஷின் போட்ட வழியில்தான் எடை போகும், வரும். அக்கம்பக்கம் சாயாது. ஓரத்தில் கிடந்த டம்பெல்லைப் பார்த்து, "அத்தத் தூக்கினு நடக்கட்டுமா?" என்று கேட்டபோதெல்லாம் பயத்தில் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு பிளேட்டாகக் கூட்டினேன். சின்ன வயசுப் பெண்கள் திணறும் எடையை அவர் தள்ளினார். பெருமை தாங்காமல், இந்த ஆடிக்கு எங்கள் அத்தைதான் சுமக்கப்போகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

கூழ் ஊற்றும் நாளன்று கால்கள் அவரை ஏமாற்றவில்லை. குடத்தோடு எழுந்துவிட்டார். நான்காவது அடியில் உள்ளே கூழ் ஒரு பக்கமாகச் சரிந்தது. அதோடு இடுப்பும் சரிந்தது. சரிகிற எடையைப் பிடித்து நிறுத்த அந்த மெஷின் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. குடம் கீழே விழுந்து நசுங்கியது. வாசலெல்லாம் கூழ். எதிர்வீட்டுக்காரி, "ஜிம்முக்குப் போயி இன்னா புண்ணியம்?" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தை, "ஜிம்ம எதுக்கு இஸ்துக்கினு வர? கை ஈரமா இருந்திச்சி, வழுக்கிடுச்சி" என்றார்.

மறுவாரமே அந்தக் குடத்தோடு ஜிம்முக்கு வந்து நின்றார். மெஷினை நாங்கள் விடவில்லை. எழுந்து நிற்கும் பலத்தைக் கொடுத்தது அதுதானே. அது முடிந்ததும் குடத்தில் பாதித் தண்ணீர் பிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு மெஷின்களுக்கு நடுவே நடப்பார். தண்ணீர் தளும்பும், அவர் நின்று, நிலைகொண்டு, மறுபடி நடப்பார். தரையைத் துடைத்தே எனக்குக் கை வலித்தது. அடுத்த ஆடியில் ஒரு சொட்டு சிந்தாமல் கோயில்வரை போனார். வீட்டுக்கு வந்து மூன்று சொம்பு கூழ் குடித்தார். அதற்கடுத்த ஆடியும் அவருடையதுதான்.

போன வருஷம் மாசியில் அத்தை போய்விட்டார். வருஷத் துக்கம் கழிந்து, இந்த ஆடிக்கு நான் சுமந்தேன். அவர் இல்லாத வீட்டில் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, குடத்தை இங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

நேற்று புதிதாகச் சேர்ந்த பெண் நசுங்கலைத் தடவிப் பார்த்து, "கை ஈரமா இருந்து வழுக்கிடுச்சாமே, எங்க தெருவுல சொன்னாங்க" என்றாள். இத்தனை நாள் நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நேற்று முடியவில்லை. சொல்லிக்கொடுத்ததில் தப்பு என்னுடையது என்றேன். அத்தையின் கை ஈரமாக இல்லை. குடத்தைத் தூக்கும் முன் என் முந்தானையால் அந்தக் கைகளைத் துடைத்துவிட்டவளே நான்தான்.