தனியாக ஓட்டித் தோற்ற ரேஸ்

எங்கள் ஆபீஸில் யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். இந்தத் தீவில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் ஒரு ஆவியைக் குடிவைத்திருக்கிறார்கள், டூரிஸ்ட்டுக்குக் கதை வேண்டுமே. என் வீட்டுக்காரி வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினால் அதைப் பிய்த்து ஜூஸ் போட்டுக் குடித்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து இதைக் கேட்கிறீர்கள், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்பவில்லையென்றால் போங்கள், எனக்கு நஷ்டமில்லை. ஆக வேண்டிய நஷ்டமெல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்டது.

கராச்சர்மாவில் என் வீடு. அங்கிருந்து தெற்கே போனால், இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் போய் ரீல்ஸ் எடுப்பீர்கள், கடலை ஒட்டி ஒரு சிமெண்ட் ரோடு உண்டு. உண்டு என்றா சொன்னேன்? இருந்தது. கல் குவாரியிலிருந்து படகுத்துறைக்கு லாரி போவதற்காக எவனோ ஒரு காண்டிராக்டர் போட்டது. சுனாமியில் தரையே கீழே இறங்கிப் படகுத்துறை தண்ணீருக்குள் போய்விட்டது, குவாரியும் மூடிவிட்டது, மிச்சம் நின்றது கால் மைலுக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு நேர் ரோடு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், முடிவிலும் கடல். எங்கள் ஊரில் வளைவு இல்லாத ரோட்டைப் பார்ப்பதே அபூர்வம், பைக் பைத்தியம் பிடித்தவர்களுக்குக் கேட்கவா வேண்டும். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், தூக்கிப் பிடித்த துண்டு கீழே விழுந்ததும் ஒரே இழுப்பு, யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறானோ அவன் ஜெயித்தான். டிராக் ரேஸ் என்பது அவ்வளவுதான். மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிடும். அதற்காக வாரம் பூராவும் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

நான், நாசர், இன்னும் கொஞ்சம் பெங்காலி, தெலுங்குப் பையன்கள். நாசருக்கு ஷாதிபூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, அவன் அத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து போட்ட கடை. பிஸ்டன் ரிங் ஒன்று வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து கப்பல் வர வேண்டும், கடல் கொந்தளித்தால் அதுவும் வராது, அந்தக் கடையில் எங்களுக்கென்று தனியாக ஒரு பெட்டி ஒளித்து வைத்திருப்பான். அவனிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இருந்தது. கிளப்பினால் நீலப் புகையில் ஊரே தும்மும்.

ரேஸுக்கு நேரம் குறிப்பது கடிகாரம் பார்த்து இல்லை, கடல் பார்த்து. தண்ணீர் வற்றினால்தான் ரோட்டின் கடைசிப் பகுதி வெளியே தெரியும், பிரேக் பிடிக்க இடம் கிடைக்கும். அதைப் பார்த்துச் சொல்கிறவர் நிதாய் தாதா. தாதா என்றதும் ரவுடி என்று நினைக்காதீர்கள், பெங்காலியில் அண்ணன். ரோட்டோரத்தில் மலைச்சரிவில் பாக்குத் தோட்டம் வைத்திருந்த தனிக்கட்டை. ரோட்டில் சுண்ணாம்பில் கோடு போடுவது, துண்டைத் தூக்கிக் கீழே விட்டு ரேஸைத் தொடங்கி வைப்பது, முடிவில் நின்று தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவர்தான். இன்ஜின் சத்தத்தில் கத்தினால் யார் காதில் விழும்? அதனால் சுண்ணாம்புக் கலவையில் உள்ளங்கையை முக்கி வைத்திருப்பார், ஜெயித்தவனின் முதுகில் பட்டென்று ஒரு அறை. வெள்ளைக் கை பதிந்தால் ஜெயித்தாய். அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தவர்கள் உண்டு, நாசர் வைத்திருந்தான், அவன் மனைவி ஷமீமா அதற்காக அவனைத் திட்டாத நாள் கிடையாது.

பிறகு வந்தார்கள் நல்லது செய்கிறவர்கள். கிளப் என்றார்கள், பைக்கில் கால் தூக்கிப் போடத் தெரியாத ஒருத்தன் தலைவர். லைட் போடுகிறோம், ஷெட் போடுகிறோம், ஆம்புலன்ஸ் நிற்கும் என்றார்கள். வந்தது ஒரு பிளெக்ஸ் பேனர், அதில் அவர்கள் மூஞ்சி. பெங்காலிப் பையன்கள் ஒரு பக்கம், நம் ஆட்கள் ஒரு பக்கம் என்று பிரிந்தது அப்போதுதான், அதுவரை எவன் எந்த ஊர் என்று யார் கேட்டோம்? எவனோ வீடியோ எடுத்துப் போட்டான், போலீஸ் வந்தது. கடல் வேறு வருஷத்துக்கு வருஷம் ரோட்டைத் தின்றுகொண்டே வந்தது. வெளியூர்க்காரன் ஒருவன் ரிசார்ட் கட்ட மலைச்சரிவை வாங்கினான், தாதாவின் தோட்டம் போய்விட்டது, ஒரு தகரக் குடிசையோடு ஓரத்தில் ஒதுங்கினார். பேனரில் சிரித்தவன் ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை. வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல.

போலீஸ் ரோட்டுக்குக் குறுக்கே தடுப்புக் கம்பி போடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்தது கடைசி ரேஸ். நானும் நாசரும். அவன் கடல் பக்கம், நான் மலைப் பக்கம். இரண்டு பேரும் ஒன்றாகத் தாண்டினோம். தாதா இரண்டு முதுகையும் பார்த்தார், கையை உதறினார். "பராபர்! ஃபிர் சே!" என்றார். சமம், மறுபடி ஓட்டு என்று அர்த்தம். மறுபடி என்றால் பக்கம் மாற்றி ஓட்ட வேண்டும், அது அந்த ரோட்டின் சட்டம். அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. "அடுத்த வாரம் சுண்ணாம்பு படாம உன் முதுகு காயப்போகுது மச்சான்" என்றான் நாசர். அடுத்த வாரம் கம்பி நின்றது.

அந்த ரேஸ் எங்களுக்குள் வருஷக்கணக்காக ஓடியது. கடைக்குப் போனால் அதே பேச்சு, கல்யாண வீட்டில் பார்த்தால் அதே பேச்சு. சிரிப்பாகத்தான் பேசுவோம், ஆனால் எனக்கு உள்ளே குடைந்தது. யார் வேகம் என்று தெரிந்தே ஆக வேண்டும், அவ்வளவுதான். பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். ஆமாம்.

பிறகு நாசருக்கு வயிற்றில் கட்டி. எங்கள் ஊரில் பெரிய வியாதி என்றால் மெயின்லேண்டுக்கு ரெஃபர், எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சென்னைக்குப் போனான். வீடியோ காலில் மூஞ்சி சுருங்கிக்கொண்டே வந்தது. "வந்துடறேன் மச்சான், அந்த ரேஸ் பாக்கி இருக்கு" என்பான். வரவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். எனக்கு ஃபிளைட்டில் இடமும் கிடைக்கவில்லை, கப்பலும் இல்லை, போனில் பார்த்தேன், பாதியில் நெட்டும் போய்விட்டது. கூடப் படித்தவனை மண்ணில் வைப்பதைப் பார்க்கக்கூட இந்தத் தீவுக்காரனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கொஞ்ச நாளில் கம்பியை எடுத்துவிட்டார்கள், ரோட்டை உடைக்க மெஷின் வந்து நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். சரி, உடைப்பதற்குள் ஒரு தரம் ஓட்டிவிட்டு வந்துவிடலாம், அவனுக்காக ஒரு இழுப்பு, அத்தோடு முடிந்தது கணக்கு என்று ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு நேரே கிளம்பினேன். எங்கள் ஊரில் ஐந்து ஐந்தரைக்கே இருட்டும், அதற்குள் முடிக்க வேண்டும். தாதா குடிசை வாசலில் இருந்தார். நாசர் போன விஷயம் அவருக்குத் தெரியாது. போன் கிடையாது, டவுன் பக்கம் வருவதும் அபூர்வம், நான்தான் சொல்ல வேண்டும், ஆனால் வாய் வரவில்லை. நாசரைத் தன் பிள்ளை மாதிரி நினைத்தவரிடம் எப்படிச் சொல்வது. "தாதா, அந்தப் பாக்கி ரேஸை இன்னிக்கு முடிச்சுடறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோனது. எழுந்து உள்ளே போனார், சுண்ணாம்புச் சட்டியோடு வந்தார், குனிந்து குனிந்து கோடு போட்டார். இரண்டு பக்கத்துக்கும் போட்டார். ஒரு பக்கம் போதும் என்று சொல்ல நினைத்தேன், ஆசையாகச் செய்கிறார், விட்டுவிட்டேன்.

பழக்கதோஷம், பக்கம் மாறி கடல் பக்கத்தில் போய் நின்றேன். தூரத்தில் முடிவில் தாதா துண்டைத் தூக்கினார். தூக்கினவர் விடவேயில்லை. வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது, இருட்டு வருகிறது, மனுஷன் துண்டைப் பிடித்தபடியே இன்னொரு கையால் முன்னால் வா, முன்னால் வா என்று சைகை காட்டுகிறார். சக்கரம் கோட்டுக்குப் பின்னால் நின்றால் அப்படித்தான் காட்டுவார். நான் கொஞ்சம் நகர்த்தினேன். கோபமாகக் கையை ஆட்டினார், நீ இல்லை, நீ நில் என்று. மறுபடி மலைப் பக்கத்தைப் பார்த்து வா, வா. பிறகு போதும் என்று கை காட்டினார். திரும்பிப் பார்த்தேன், வெறும் ரோடு. கிழவனுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், துண்டு விழுந்தது.

இழுத்தேன். நம்பினால் நம்புங்கள், பாதி தூரத்தில் எனக்கு அந்த நாற்றம் வந்தது. எரிந்த எண்ணெய் வாசம், கண் கரிக்கிற நீலப் புகை. என் வண்டி ஃபோர் ஸ்ட்ரோக், அதில் அந்த வாசம் வரவே வராது. நாசரின் வண்டியை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. ரேஸில் பக்கத்தில் திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் விழுவாய். நான் பார்க்கவில்லை. பயந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைத் தாண்டி, பிரேக் பிடித்து, தண்ணீருக்கு முன்னால் நின்றேன். தாதா வந்துகொண்டிருந்தார், கை முழுக்க வெள்ளை, சொட்டுகிறது. சிரிக்காதீர்கள், நான் முதுகைக் காட்டிக் கொஞ்சம் குனிந்தேன். தனியாக ஓட்டினவனுக்கு அறை விழாமல் வேறு யாருக்கு விழும்? அவர் என்னைத் தாண்டிப் போனார். எனக்கு அந்தப் பக்கம், மலைப் பக்கமாகப் போய் நின்று, கையை ஓங்கி, ஒன்றுமே இல்லாத இடத்தில் அறைந்தார். பட்டென்று சத்தம் கேட்டது, ஈரக் கை சதையில் விழுகிற சத்தம். கை அங்கேயே நின்றது, முன்னால் போகவில்லை.

"நாசர் ஜீத் கயா" என்றார். "ஜெயிச்சுட்டான், ஒரு சக்கரம் முன்னாடி."

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கையில் சுண்ணாம்பு இல்லை. விரலிடுக்கில் கொஞ்சம் ஒட்டியிருந்தது, உள்ளங்கை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கீழே ரோட்டில் ஒரு சொட்டு இல்லை. வயசானவர், கற்பனை என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், அப்படியானால் அந்தச் சுண்ணாம்பு எங்கே போனது? அதற்கு எவனாவது எனக்குப் பதில் சொல்லட்டும்.

தாதா வருத்தமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெயிச்சான், பேசாம போயிட்டான். என் மேல குஸ்ஸாவா?" என்றார். கோபமா என்று கேட்கிறார். பிறகு என் தோளைப் பிடித்து மெதுவாகக் கேட்டார். "ஏன் அப்படி கபடா போட்டிருக்கான்? முன்னாடி துணி, பின்னாடி நாடா. முதுகு பூரா திறந்து கிடக்கு. கை வச்சேன், பரஃப், ஐஸு. சளி பிடிக்கும் அவனுக்கு. ஒரு கமீஸ், சட்டை வாங்கிக் குடு."

வண்டியை எடுத்து எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. நாசர் என்ன உடையில் போனான் என்று எனக்கு அதுவரை தெரியாது, வீடியோ காலில் முகம் மட்டும்தான் காட்டுவான். அடுத்த நாள் ஷமீமாவுக்குப் போன் போட்டேன். என்னென்னவோ பேசிவிட்டு, கடைசியில் அவன் போகும்போது என்ன உடுத்தியிருந்தான் தங்கச்சி என்று கேட்டுவிட்டேன்.

"ஆபரேஷனுக்குன்னு பச்சை அங்கி ஒண்ணு மாட்டினாங்கண்ணே, முதுகுப் பக்கம் நாடா வச்சது. ஏசியில குளிருது, மேல ஏதாவது போடுன்னாரு. உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் போடலண்ணே. அப்படியேதான் போனாரு" என்று சொல்லி அழுதாள். நானும் போனை வைத்துவிட்டு அழுதேன், பாழாய்ப்போன அந்த ரேஸில் தோற்றதற்கா, அவன் குளிரில் போனதற்கா, எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ரோட்டை உடைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ரிசார்ட்டின் சுவர். தாதாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. போன வாரம் அரிசி வாங்க பஸ் ஏறி வந்தவர் கராச்சர்மா பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நாசருக்குக் கமீஸ் குடுத்தியா?"

"குடுத்துட்டேன் தாதா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஜூட் மத் போல்" என்றார், பொய் சொல்லாதே என்று. "நேத்தும் சுவர்கிட்ட வந்து நின்னான். அதே துணிதான். நடுங்கிக்கிட்டு நிக்கறான்."