யானைக் கதையின் மீதிப் பாதி

இருபத்தைந்து வருடம் காட்டில் குரங்கு எண்ணியிருக்கிறேன். அதில் ஒரே ஒரு தடவைதான் பேச்சு வராமல் நாக்கு ஒட்டிக்கொண்டது. அது காட்டில் இல்லை. என் சொந்த ஊரான கேஜிஎஃப் தங்கவயலில், ஊரிகத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், காலை பதினோரு மணிக்கு, ஃபேனுக்குக் கீழே. என்னை அந்தக் கதிக்கு ஆளாக்கியவள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ரெட்டை ஜடை, முழங்காலில் பிளாஸ்டர்.

எங்கள் ஆய்வு நிலையத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு ஜிபிஎஸ் பிடிப்பது எப்படி, அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க அட்டை சாக்ஸ் கட்டுவது எப்படி என்றெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். படித்தால் காரணம் புரியும்.

1. என் வீரக் கதை

என் யானைக் கதையைக் கேட்காத கல்லூரி தென்னிந்தியாவில் குறைவு. அதை நான் சொல்லும் விதம் இப்படி.

ஆனைமலையில் ஒரு காலை. நானும் ரங்கனும் டிரான்செக்ட் போகிறோம். டிரான்செக்ட் என்றால் வேறொன்றுமில்லை. காட்டுக்குள் ஒரே பாதையில் நடந்துகொண்டே, கண்ணில் படுகிற சிங்கவால் குரங்குகளை எண்ணி ஷீட்டில் குறிப்பது. ஒரு வளைவில் ஒற்றை யானை. ஓடுகிறோம். ரங்கன் வேர் தடுக்கி விழுகிறார். நான் நிற்கிறேன். கையைத் தட்டிக் கத்தி யானையை என் பக்கம் இழுக்கிறேன். ரங்கன் தப்பிக்கிறார். இந்த இடத்தில் சபை கைதட்டும். நான் தண்ணீர் குடிப்பேன்.

இதில் யானை நிஜம். ரங்கன் விழுந்தது நிஜம். நான் நின்றது மட்டும் பொய்.

நான் ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜீப் வரைக்கும் ஓடினேன். முதலில் ஒரு கூட்டத்தில் "ஒரு நொடி நின்றேன்" என்று சொன்னேன். அடுத்த வருடம் அந்த நொடி நிமிடமானது. அதற்கடுத்த வருடம் கைதட்டிக் கத்தவும் ஆரம்பித்துவிட்டேன். பொய் என்பது வளர்த்துவிட்டால் நம்மையே முட்ட வரும் ஜாதி.

ரங்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நிலையத்தின் மூத்த களப் பணியாளர். அந்தக் காட்டிலேயே பிறந்தவர், என்னைவிட ஐந்து வயது பெரியவர், நான் ரங்கண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எண்ணிக்கையில் மகா பிடிவாதம். நான் பதினான்கு குரங்கு என்று எழுதி, அவர் பதின்மூன்றுதான் பார்த்திருந்தால், ஷீட்டில் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு குரங்குக்காக மழையில் நின்று முக்கால் மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மத்தியானச் சோற்று டப்பாவைத் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் காட்டுக்குள் வருவார். "என் பையில போடுங்க ரங்கண்ணா" என்றால் "இருக்கட்டுங்க மேடம்" என்பார். என் பையில் எப்போதும் குரங்குப் பீ சாம்பிள் நாலைந்து பொட்டலம் கிடக்கும். மனிதருக்கு அந்த வாடை ஆகவில்லை என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். சுத்தக்காரர் என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறேன்.

2. நம்ம ஊரு பொண்ணு

அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை சுமதி என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். போன் செய்தாள்.

"ஏய், நம்ம பசங்களுக்கு மழைக்காடுன்னா இன்னான்னே தெரியாதுடி. சயனைடு மேட்டத்தான் மலைன்னு சொல்லிகினு இருக்குதுங்க. வந்து பேசிட்டுப் போ. கூட வேலை செய்யறவங்க இருந்தா அவங்களையும் இட்டுகினு வா."

சயனைடு மேடு என்பது தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சுரங்கக் கழிவு மண் குவியல். அந்த வாரம் நானும் ரங்கனும் பெங்களூரில் ஒரு பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது. வழியில் கேஜிஎஃப். ரங்கனை என் தம்பி வீட்டில் உட்கார வைத்து, டீயும் டிவியும் கொடுத்துவிட்டு நான் மட்டும் பள்ளிக்கூடம் போவதாகத் திட்டம். அதற்கான காரணத்தை இந்நேரம் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

"நானும் வர்றேங்க மேடம்" என்றார். "இத்தன வருஷத்துல நீங்க பேசி நான் கேட்டதே இல்லீங்களே."

சரி, யானைக் கதையைத் தொடாமல் இருவாச்சி, அட்டை என்று ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஹாலில் இருநூறு பிள்ளைகள். ரங்கன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். சுமதி மைக்கைப் பிடித்தாள்.

"இவங்க நம்ம ஊரு பொண்ணு. இவங்க அப்பாவும் மைனிங்லதான் இருந்தாரு. இன்னிக்குப் பெரிய விஞ்ஞானி. யானைகிட்டருந்து ஒரு மனுசனோட உசுர காப்பாத்துனவங்க. நெட்ல இவங்க பேசுன வீடியோவ நேத்து நாம எல்லாரும் பாத்தோமில்ல?"

"பாத்தோம் மிஸ்!" என்றது ஹால்.

 கடைசி பெஞ்சைப் பார்த்தேன். ரங்கன் சுவாரசியமாக முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

3. கேள்வி நேரம்

முதல் கேள்வி ஒரு குண்டுப் பையனிடமிருந்து வந்தது. "காட்ல பாத்ரூம் வந்தா இன்னா பண்ணுவீங்க மிஸ்?"

சுமதி முறைத்தாள். நான் உள்ளதைச் சொன்னேன். மரத்துக்குப் பின்னால் போவோம், போவதற்கு முன் அந்த மரத்துக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா, வால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம். ஹால் குலுங்கியது.

"அட்டை எங்கெல்லாம் ஏறும் மிஸ்?" எங்கெல்லாம் ஏறக் கூடாதோ அங்கெல்லாம் ஏறும்.

"அனகோண்டா இருக்குதா?" இல்லை. பாவம், அவனுக்கு வாழ்க்கையே வெறுத்துப்போனது.

"குரங்குப் பீய கையாலயா எடுப்பீங்க?" கையுறை போட்டுக்கொண்டு. எடுத்து, கழுவி, சல்லடையில் சலித்து, என்ன பழம் தின்றது, எத்தனை கொட்டை என்று பார்ப்போம். இதற்காக முனைவர் பட்டம் வாங்கினேன் என்றதும் முன்வரிசையில் ஒரு பெண் "அய்யய்யே, சும்னே வீட்லயே இருந்துருக்கலாம்" என்றாள். என் அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

இருவாச்சியைப் பற்றிச் சொன்னேன். பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஆண் பறவை வெளியிலிருந்து ஓட்டை வழியாகப் பழம் ஊட்டும். "தினமும் பார்சலா?" என்றான் குண்டுப் பையன். ஆமாம், தினமும் பார்சல்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒருவன் திரும்பிப் பார்த்து, "பின்னாடி குந்திகினு இருக்கறாரே, அந்த அங்கிள் யாரு?" என்று கேட்டான்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அவர்தான் ரங்கன்."

ஹாலே எழுந்து நின்றுவிட்டது. வீடியோவில் கேட்ட ஆள் நேரில்! நாலு பேர் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து என் பக்கத்தில் நிறுத்தினார்கள். ரங்கன் கூச்சத்தில் நெளிந்தார். நான் வேறு காரணத்தால் நெளிந்தேன்.

ரெட்டை ஜடைக்காரி கையைத் தூக்கினாள். பெயர் வினோதினி.

"மிஸ், வீடியோல நீங்க கத்துனீங்க, யானை உங்க பக்கம் திரும்பிச்சு. அப்பறம் நீங்க எங்க போனீங்க?"

"ஜீப்புக்கு."

"அங்கிள் எப்ப ஜீப்புக்கு வந்தாரு?"

இந்தப் பகுதிக்கு நான் கதை தயாரிக்கவே இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு பேராசிரியரும் இதைக் கேட்டதில்லை. நான் யோசிப்பதற்குள் ரங்கன் வாயைத் திறந்துவிட்டார். நேரம் கேட்டால் நேரம் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

"ரெண்டு மணி நேரம் ஆச்சும்மா."

வினோதினி புருவத்தைச் சுருக்கினாள். "அப்ப அவர உள்ளயே உட்டுட்டு நீங்க மட்டும் மேல வந்துட்டீங்களா?"

நான் மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"எங்க தாத்தா கேஜுக்கு மணி அடிக்கறவரு மிஸ். கேங்ல ஒரு ஆளு கொறைஞ்சாலும் மணி அடிக்க மாட்டாராம். பெரிய தொரையே கேஜ்ல நின்னுகினு திட்டுனாலும் அடிக்க மாட்டாராம்."

அந்த ஹாலில் இதற்கு விளக்கம் தேவைப்பட்டவர் ரங்கன் மட்டும்தான்: கேஜ் என்றால் சுரங்கத்தின் ஷாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு, மணி அடித்தால்தான் அது மேலே ஏறும். இருநூறு பிள்ளைகளுக்கும் கேஜ் தெரியும், ஷாஃப்ட் தெரியும். சுரங்கம் மூடிய பிறகு பிறந்த பிள்ளைகள்தான், ஆனாலும் ஆளை உள்ளே விட்டுவிட்டு மேலே வந்தவனை இந்த ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். என் அப்பாவும் அந்தக் கேஜில் ஏறி இறங்கியவர். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது ரங்கன் சொன்னார்: "அப்படியெல்லாம் இல்லம்மா. மேடம்தான் என்னைக் காப்பாத்தினாங்க. வீடியோல சொன்னது நெசந்தான்."

ஒரே ஒரு குரங்குக்காகக்கூடப் பொய் சொல்லாதவர். எனக்காகச் சொன்னார். யானைக்கு முன்னால்கூட நான் அவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை.

"இல்ல" என்றேன். மைக் கீச்சென்று கத்தியது. "அங்கிள் எனக்காகப் பொய் சொல்றாரு. நான் நிக்கல. கத்தினது நெசம், ஆனா யானைய இழுக்கறதுக்கு இல்ல. 'அம்மா'ன்னு கத்தினேன். அவர் விழுந்தத பார்த்தேன். பார்த்துட்டும் ஓடினேன். ஜீப்ல ஏறி, டிரைவர்கிட்ட வண்டிய எடுன்னு சொன்னேன். அப்புறம் எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கற லைனுக்குப் போயி நாலு பேர இட்டுகினு திரும்பி வந்தேன்."

பேச்சுவாக்கில் என் ஊர்த் தமிழ் வந்துவிட்டது.  சுமதி தரையைப் பார்த்தாள்.

குண்டுப் பையன்தான் காப்பாற்றினான். "எவ்ளோ ஸ்பீடா ஓடுனீங்க மிஸ்?"

ஸ்போர்ட்ஸ் டேயில் ஓடியிருந்தால் கப் வாங்கியிருப்பேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வினோதினி சிரிக்கவில்லை. அவள் ரங்கனிடம் திரும்பினாள்.

"அங்கிள், உங்களுக்குக் கோவம் வர்லியா?"

 மரத்தில் குரங்கு எண்ணும்போது ரங்கன் ஒரு பார்வை பார்ப்பார், அப்படி மேலே பார்த்தார்.

"யானை வந்தா ஓடத்தாம்மா செய்வாங்க. நான் விழலைன்னா நானும் ஓடியிருப்பேன். பாறை இடுக்குல போயி ஒண்டிக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல யானை போயிருச்சு. கால் வீங்கிப்போச்சு, நடக்க முடியல. அதுவரைக்கும் கோவம் இல்ல. அப்புறம் பசிச்சுச்சு. என் சோத்து டப்பா மேடம் பையில இருந்துச்சு. அதையும் தூக்கிட்டு ஓடிட்டாங்க." என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "அப்பத்தான் கோவம் வந்துச்சு."

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நான் அவர் இடுப்பைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்றும் வேட்டிக்கு மேலே அந்தத் துண்டு. யானை வந்த நாளிலிருந்து பதினெட்டு வருடமாக, அவர் டப்பாவை என் பையில் போடாததற்குப் பீ வாடைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அந்த டப்பாவ இன்னா பண்ணீங்க மிஸ்?" இது குண்டுப் பையன். இவன் பெரியவனானால் போலீஸில்தான் சேர வேண்டும்.

என்னிடம் இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை. எஸ்டேட் லைனில் ஆட்கள் கிளம்பும் வரை அரை மணி நேரம் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன்.  பையைத் திறந்தேன். மரவள்ளிக்கிழங்கும் மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும்.

"சாப்ட்டுட்டேன்."

"தெரியுங்க மேடம்" என்றார் ரங்கன். "டப்பா காலியாத்தான வந்துச்சு."

4. புதிதாகச் சேருகிறவர்கள் கவனத்துக்கு

பெங்களூர் ரயிலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். மன்னித்தாரா, பேச்சை முடிக்கச் சொன்னாரா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே வினோதினி கலர் பென்சிலில் எழுதிய ஒரு அட்டை: "ஆள எண்ணுங்க மிஸ்." பக்கத்தில் ஒரு யானை, பன்றிக்குத் தும்பிக்கை முளைத்தது போல. அதை ஜீப்பில் ஸ்டீயரிங்குக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். போன ஆட்கள் அத்தனை பேரும் ஏறாமல் டிரைவர் சாவியைத் தொடக் கூடாது. நான் கத்தினாலும் தொடக் கூடாது. முக்கியமாக நான் கத்தினால்.

யானை வந்தால் ஓடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஓடியதை நின்றதாகச் சொல்லாதீர்கள். சொல்லத் தோன்றினால், உங்களோடு வந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். பிறகும் வாய் வருகிறதா என்று பார்க்கலாம்.

ஆனைமலைக்குத் திரும்பிய பிறகு முதல் டிரான்செக்ட். காலை ஆறரை மணி, நல்ல தூறல். அட்டை சாக்ஸைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். ரங்கன் இடுப்புத் துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"பையில போடுங்க மேடம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "உள்ள குரங்குப் பீ இருக்கு ரங்கண்ணா" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்று பாதையில் இறங்கினார். நாலு அடி போய்த் திரும்பினார்.

"ஓடறதா இருந்தா மட்டும் டப்பாவ வெச்சுட்டு ஓடுங்க."