கண்ணை மூடச் சொல்லாதவர்

கல்லறைத் திருநாள் மாலை அது. சித்தூரில் எங்கள் சபையார் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தோம். புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த கல்லறைகளின்மேல் சாமந்தி மாலை போட்டு, விளிம்பில் வரிசையாக மெழுகுவத்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். என் அப்பாவின் கல்லறை மதிலோரம் இருக்கிறது. அங்கே காற்று அதிகம் என்பதால் வத்தியைச் சும்மா வைத்தால் நிற்காது. சாய்த்துப் பிடித்து, நாலு சொட்டு மெழுகைக் கல்லில் விட்டு, அது இறுகுவதற்குள் வத்தியை அதன்மேல் அழுத்த வேண்டும். என் மகள்தான் அதைச் செய்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரித் தோழி ஒருத்தி பஸ்ஸில் தூங்கிப்போய்ப் புத்தூர் வரை போய்விட்ட கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். உருகிய மெழுகு அவளுடைய வலது சுண்டு விரலில் விழுந்தது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. விரலின் ஓரமாக வழிந்து வெள்ளையாக உறைந்தது. அவள் கையை உதறவில்லை, கதையையும் நிறுத்தவில்லை.

"ஏண்டி, சுடலையா?" என்று கேட்டேன்.

"எதும்மா?" என்றாள்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புக்கு நரம்பு மண்டலப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். சூடான பாத்திரத்தில் கை பட்டதும் என்ன நடக்கிறது என்று கரும்பலகையில் படம் போடுவேன். தோலிலிருந்து செய்தி நரம்பு வழியாக முதுகுத் தண்டுக்கு ஓடுகிறது. அங்கிருந்தே கையை இழுத்துக்கொள் என்ற கட்டளை திரும்பி வந்துவிடுகிறது. மூளைக்கு விஷயம் தெரிவதும், ஐயோ சுட்டுவிட்டதே என்று நாம் அலறுவதும் அதற்குப் பிறகுதான். பிள்ளைகள் இதை நம்ப மாட்டார்கள். கையை இழுத்ததே நான்தானே டீச்சர் என்பார்கள். அந்த மாலையில் மெழுகு உறைந்த விரலைப் பார்த்தபடி நின்றபோது, கரும்பலகையில் நான் போடும் அந்தக் கோடு என் மகளின் கைக்குள் எங்கோ அறுந்துகிடக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதைவிட மோசமான ஒன்றும் புரியத் தொடங்கியது. எட்டு மாதத்துக்கு முன்பு அவளுடைய முழங்கைக்குக் கீழே வெளிறிய படை ஒன்று வந்திருந்தது. அதை ஒருவரிடம் காட்டியிருந்தேன். ஒன்றுமில்லை என்று சொன்னவர் அவர்.

அவரைச் சபையில் எல்லோரும் சூப்பர்வைசர் என்றுதான் அழைப்போம். மிஷன் ஆஸ்பத்திரியின் தொழுநோய்ப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமங்களில் அவருடைய சைக்கிள் போகாத தெரு இல்லை. வேலையில் இருந்தவரை ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் பள்ளிக்கும் முகாமுக்கு வருவார். கூச்சம் இல்லாத பிள்ளை ஒன்றை முன்னால் நிறுத்தி, தெலுங்கிலும் தமிழிலுமாக வேடிக்கை காட்டிக்கொண்டே சோதனையைச் செய்து காட்டுவார். "கண்ண மூடு. பால்பேனா முனையால தொடுவேன். தொட்ட எடத்த வெரலால காட்டு. கண்ணத் தெறந்துக்கினு காட்டினா அது கள்ள ஆட்டம்டா. கண்ணு பாத்துட்டு தோலுக்குச் சொல்லிக் குடுத்துரும். தோல தனியா வுட்டாதான் நெசம் தெரியும்." பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, இது சாபமும் இல்லை, பரம்பரையும் இல்லை, ஒரு கிருமிதான், மாத்திரை தின்னால் போய்விடும், மறைத்தால்தான் கை கால் போகும் என்பார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனையோ முறை என் வகுப்பில் அவர் சொன்ன மாதிரியே சொல்லியிருக்கிறேன். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அவரைத்தான் அண்ணா என்று கூப்பிட்டு வந்தேன்.

படையைக் காட்டிய நாள் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து அவர் வீட்டுக்கே அழைத்துப் போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் அவளை உட்கார வைத்தார். படையைத் தடவிப் பார்த்தார். பிறகு அவளுடைய முழங்கையை மடக்கிப் பிடித்து, உட்புறம் எலும்பின் பின்னால் இருக்கும் பள்ளத்தில் இரண்டு விரலை வைத்து உருட்டினார். எங்காவது இடித்துக்கொண்டால் கை முழுக்கச் சுரீர் என்று ஓடுமே, அந்த இடம். வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார், மறுபடி வலது கைக்கு வந்தார். வெகு நேரம் அவர் விரல்கள் அங்கேயே இருந்தன. பிரியத்தில் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூன்று இடங்களில் தொட்டார். அவள் மூன்றையும் சரியாகக் காட்டினாள். "தேமல்மா. வெயில்ல திரிஞ்சிக்கினு இருக்குதில்ல. களிம்பு தடவு, பூடும்" என்றார். என் உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சிரித்துப் பேசிவிட்டு வந்தோம்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாளே பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளைத் திருப்பதிக்கு அழைத்துப்போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு வெளியே மொட்டை போட்ட யாத்திரீகர்கள் முதல் கைக்குழந்தைகள் வரை நீண்ட வரிசை. எங்களைப் பார்த்த மருத்துவர் சின்னப் பெண். தெலுங்கில், கண்ணை மூடிக்கொள்ளம்மா என்று மகளிடம் சொன்னார். அதைக் கேட்டதும் ஜன்னல், பேனா, மூன்று இடங்கள், எல்லாம் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு என் மகளின் கண்கள் திறந்திருந்தன. முழுசாகத் திறந்திருந்தன. பேனா எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டேதான் அவள் விரலை நீட்டினாள்.

மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் படைமீது தொட்டார். சுண்டு விரலில் தொட்டார், மோதிர விரலின் ஓரத்தில் தொட்டார். என் மகள் கண்ணை இறுக மூடி, பரீட்சைக்கு உட்கார்ந்தவள் மாதிரி விறைப்பாக இருந்தாள். ஏழெட்டு முறை தொட்ட பிறகு, கண்ணைத் திறக்காமலே, "ஸ்டார்ட் பண்ணலியா மேடம்?" என்று கேட்டாள்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நரம்பு என்பது ஒற்றைக் கம்பி இல்லை, நூற்றுக்கணக்கான இழைகளின் கட்டு. சூட்டையும் வலியையும் கொண்டுபோகும் இழைகள் மிக மெல்லியவை, அவைதான் முதலில் போகும். இந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும். முழங்கையில் அந்த நரம்பு தோலுக்கு அருகிலேயே ஓடுவதால் அங்கே தங்கிவிடுகிறது. நரம்பு வீங்கி, தனக்குள்ளேயே நெரிபட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊமையாகிவிடுகிறது. கிருமியை மாத்திரை கொன்றுவிடும், ஓராண்டு சாப்பிட்டால் போதும், மாத்திரை தொடங்கியதுமே யாருக்கும் பரவாது. வீக்கத்துக்கு வேறு மாத்திரை உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சைக்கு வந்த நரம்புதான் பெரும்பாலும் திரும்பப் பேசும் என்றார். "முன்னாடியே யார்கிட்டயாச்சும் காட்டினீங்களா?" என்று கேட்டார். என் மகள்தான் சொன்னாள். "காட்டினோம் மேடம். அங்க கண்ணத் தெறந்து பாத்துச் சொல்லணும். பாத்துச் சொன்னா பாஸ்."

மறுநாள் மத்தியானம் தனியாக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து தடித்த ரப்பர் பாளத்தைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். காலில் உணர்ச்சி போன பழைய நோயாளிகளுக்கு அவரே செருப்பு செய்து கொடுப்பார்.

"அவளை ஏன்ணா கண்ண மூடச் சொல்லல?" என்றேன்.

கத்தி நின்றது. அவர் நடிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "திருப்பதி போய்க்கினு வந்தியா?" என்றார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"மூடச் சொல்லியிருந்தா ஒனக்கும் தெரிஞ்சி பூட்டிருக்கும்மா."

"தெரியத்தானே கூட்டிக்கினு வந்தேன்?"

"ஒத்தப் படை. நெறைய பேருக்கு அது தானா அவிஞ்சி பூடும். பூடும்னு நெனச்சேன். பொம்பளப் புள்ள. ஒரு தடவ அந்தப் பேரு சபையில வந்துட்டா அப்புறம் எந்த மாத்திரையாலயும் அத எடுக்க முடியாது. நான் பாத்திருக்கேன்."

"முழங்கை நரம்பு?"

கத்தியைக் கீழே வைத்தார். "லேசா தடிச்சிதான் இருந்துச்சு" என்றார்.

"மறைச்சாதான் கை கால் போவும்னு ஊரு ஊரா சொல்லிக்கினு திரிஞ்சது யாருண்ணா? எங்க ஸ்கூல்ல வந்து சொன்னது யாரு?"

"ஊருக்குச் சொன்னேம்மா" என்றார். "இது நம்ம வூடு இல்லியா?"

எழுந்து வந்துவிட்டேன். இன்றுவரை அந்த வாசல்படி ஏறவில்லை. தெரியாமல் தவறியிருந்தால் மன்னித்திருப்பேன். எங்கள் மாவட்டத்தில் அந்த நரம்பை விரலால் அறிந்தவர்கள் அவரைப்போல் யாரும் இல்லை என்று நம்பியிருந்தேன். அந்த விரல்கள் அறிந்துகொண்டன. அறிந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக அவர் சொல்லி வந்த வார்த்தைகளை அவரே நம்பியிருக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய அடி. நான் அவற்றை நம்பி என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேனே. சில சமயம், விடியற்காலையில் விழித்துக்கொள்ளும்போது, இன்னொன்றும் தோன்றுகிறது. அந்தச் சோதனையை இருபது முறையாவது பார்த்திருக்கிறேன். கண்கள் திறந்திருந்ததை நானும்தானே பார்த்தேன்? ஏன் கேட்கவில்லை? அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன், சொன்னதும் காப்பி குடித்தேன்.

மாத்திரை ஓராண்டில் முடிந்தது. படை மங்கி, தோலோடு தோலாகிவிட்டது. மோதிர விரலில் தொடுவது தெரிகிறது என்கிறாள், பஞ்சு சுற்றித் தொடுவது மாதிரி. சுண்டு விரல் மட்டும் உள்ளே மடங்கியே நிற்கிறது. தினமும் மாலை கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரலை நீவி விட வேண்டும். காயம், கொப்புளம் ஏதும் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். நரம்பு செய்துவந்த காவல் வேலை இப்போது எங்கள் கண்களுடையது. அவள் அடுப்பருகே போனால் நானும் பின்னாலேயே போகிறேன். பாத்திரக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் துணி சுற்றி வைத்திருக்கிறேன். என் கணவர் ரேணிகுண்டாவில் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில்தான் வருவார். வந்ததும் முதலில் அவள் கையைத்தான் கேட்பார். "என் சுண்டு விரல் கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரி நைனா, எத்தினி வாட்டி தட்டினாலும் பதிலே வராது" என்று அவரைச் சிரிக்க வைப்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து கோவில் வாசலில் நின்றிருந்தோம். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் மூத்தவரான ஒரு அம்மாள், என் மகளைப் பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவர், வந்து அவளோடு பேசினார். பேச்சினூடே அந்த மடங்கிய விரலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இன்னாடி இது, கொக்கி மாதிரி வளைஞ்சிக்கினு கீது?" என்றார்.

அவள் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ஸ்கூட்டில இருந்து விழுந்துட்டா. எலும்பு சரியா கூடல."

எங்கள் வீட்டில் ஸ்கூட்டி இல்லை. அந்த வார்த்தை என் மூளைக்குத் தெரியாமலே வாயிலிருந்து வந்துவிட்டது. கொஞ்ச தூரத்தில், படிக்கட்டில், சூப்பர்வைசர் நின்றிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் தலை குனிந்துகொண்டார். அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுதத் தெரியவில்லை.

என் மகள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நீயுமா என்பது போல ஒரு பார்வை. பிறகு அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், "இல்ல ஆன்ட்டி, விழல. எனக்குத் தொழுநோய் வந்துச்சு. மாத்திரை தின்னு முடிச்சிட்டேன். நரம்பு மட்டும் கொஞ்சம் பூடுச்சு" என்றாள்.

அந்த அம்மாளின் முகம் மாறவே இல்லை. சிரிப்புகூட அப்படியே இருந்தது. ஆனால் விரலைப் பிடித்திருந்த அவருடைய இரண்டு விரல்களும் பிரிந்தன. கை புடவைத் தலைப்புக்குள் போயிற்று. "கர்த்தர் பாத்துக்குவாரும்மா" என்று ஏதோ சொன்னார். என் மகள் அவர் கண்களையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய கை அந்தரத்தில் தூக்கியபடியே நின்றது. அவர் விட்டுவிட்டது அவளுக்குத் தெரியவில்லை.

நான் கையை நீட்டி அந்தச் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அவள் பேசி முடித்து, தற்செயலாகக் குனிந்து பார்க்கும்வரை, பிடித்துக்கொண்டே நின்றேன்.