மெத்தை விழுங்கிய சாட்சியம்

அவர் பேரை நான் முதலில் கேட்டது என் நாத்தனார் மகளின் கல்யாணக் கதையில். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு என்ன, கடன்காரனைப் பாத்த மாதிரி மூஞ்சியை வெச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நடுவில் போய்வந்த மனுஷர் பெண் வீட்டுக்கு வந்து, "பொண்ணோட அடக்கம் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றாராம். உண்மை வெளியே வந்தபோது பிள்ளைகளே பிறந்துவிட்டதால் யாருக்கும் கோபப்பட நேரம் இல்லை. யார் அந்தப் புண்ணியவான் என்று கேட்டேன். "மெத்தைதான். அவர் வாயில விழுந்தா கல்லும் மெத்தையில விழுந்த மாதிரிதான்" என்றாள் நாத்தனார். என் பெரிய மாமனாரின் மூத்த மருமகனுக்குத் தம்பி அவர்.

மெத்தைக்குக் கோர்ட்டில் வேலை. கோர்ட்டில் நடக்கும் மொழி வேறு, நம் மொழி வேறு. நம் ஜனங்கள் கூண்டில் ஏறினால் அவர்கள் சொல்வதை இவர் ஜட்ஜுக்கு அந்த மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும். இவர் வாயிலிருந்து வருவதுதான் பதிவாகும். அதை டைப் அடிப்பவள் இவருடைய அண்ணன் மகள். இவர் சொல்லித்தான் அந்த வேலைக்கே வந்தாள்.

மூட்டை தூக்கிப் பிழைத்த ஒருவனை விசாரிக்க வேண்டும் என்று ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். மறுநாள் பிணமாகத் திருப்பித் தந்தார்கள். வலிப்பு வந்து விழுந்தான் என்றார் ஸ்டேஷன் அதிகாரி. அவன் பெண்டாட்டி விடவில்லை. சர்க்காரைக் கேள்வி கேட்கிற வழக்குகளையே நடத்தும் ஒரு வக்கீலம்மா அதை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு நம் மொழி வராது. உடம்பில் காயம் இருந்தது, ஆனால் அடித்ததைப் பார்த்தவர் இல்லை. அதிகாரி கை வைத்தார் என்பதற்கு ஒரு பிடி கிடைத்தால் கேஸ் நிற்கும், இல்லாவிட்டால் படுத்துவிடும்.

அந்தப் பெண் கூண்டில் ஏறினாள். அதிகாரி முன்வரிசையில், முழங்காலில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புருஷனைத் தேடி ஸ்டேஷனுக்குப் போனதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, வக்கீலம்மாவிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை ஒரே மூச்சில் கொட்டினாள். அவள் உடம்பைப் பற்றி அதிகாரி பேசிய அசிங்கம் அது. அந்த அசிங்கத்தோடேயே ஒட்டிக்கொண்டு, "உன் புருஷனை முடிச்ச கை இது, உன்மேல எங்க வைக்கணும் சொல்லு" என்று அவர் கேட்டதும் வந்தது.

மெத்தைக்கு முகம் காந்தியது. பக்கத்தில் அண்ணன் மகள் விரல்களை எழுத்துகள்மேல் வைத்துக் காத்திருந்தாள். தோளில் போட்டுத் தூங்கவைத்த பிள்ளை. அவள் காதுபட இதை எப்படிச் சொல்வது? தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதிகாரி என்னைத் தகாத முறையில் பேசி அனுப்பிவிட்டார்" என்று முடித்தார். டைப் சத்தம் கேட்டு, நின்றது.

வராந்தாவில் அந்தப் பெண் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் சொன்னதை அப்படியே சொன்னீங்கள்ல? ஜட்ஜய்யா மூஞ்சி ஒண்ணும் மாறலையே."

"சொன்னேம்மா. அவங்க வெளியில காட்டிக்க மாட்டாங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் மூச்சு வருது" என்றாள்.

பஸ்ஸில் அண்ணன் மகள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

"பாதியை முழுங்கிட்டீங்க சித்தப்பா."

"உன் முன்னாடி எப்படிம்மா அதையெல்லாம்…"

"நான் என்ன பால்குடிப் பிள்ளையா? இதைவிடக் கேவலமானதெல்லாம் அடிச்சிருக்கேன். வீட்டுக்கு வந்து சாப்பிடத்தான் செய்றேன்."

"அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?"

"சித்தப்பாவை ஜட்ஜ்கிட்ட காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா? எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு" என்றாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அவர் பெண்டாட்டி, "இப்பப் போய்ச் சொல்லி வேலைக்கே உலை வெச்சுக்காதீங்க. கெட்டது நினைச்சா செஞ்சீங்க?" என்றாள். அவருக்கும் அந்தப் பேச்சு இதமாகத்தான் இருந்தது. ஆனால் தட்டில் கை வைத்தால், மூச்சு வருது என்று அந்தப் பெண் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. சொல்லாததைச் சொன்னேன் என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்ன வாய் இது. சில நாள் இப்படி அலைக்கழிந்துவிட்டு, வக்கீலம்மாவின் மாடி அறைக்கு ஏறிப்போனார்.

நாற்காலியில் கிடந்த ஃபைல்களை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். அவர் நின்றபடியே கோர்ட் மொழியில் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தியிருந்தால் தேவலை. பேனாவை மூடிவைத்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள்: "அந்தம்மா மறுபடியும் ஏறிச் சொல்லணுமே, அது தெரியுதா உங்களுக்கு?" அதுவரை அவர் அதை யோசிக்கவில்லை. தன் வேலை, தன் மானம், இதையேதான் எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணை மறுபடி விசாரிக்கக் கேட்டு மனு போட்டார்கள். அதிகாரியின் வக்கீல் மெத்தையைக் கூண்டில் நிறுத்தி, யாரிடம் எவ்வளவு வாங்கினாய் என்று குடைந்தார். "வாங்கலைங்க. அந்த வார்த்தைகளைச் சொல்ல வெக்கப்பட்டேன்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தனை வருஷம் சம்பளம் வாங்கியது எதற்கு என்று ஜட்ஜ் கேட்டார்.

அந்தப் பெண்ணை மறுபடி ஏற்றினார்கள். முதல் தடவை ஒரே மூச்சில் சொன்னதை இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி, குறுக்குக் கேள்விகளுக்கு நடுவே சொன்னாள். புதிதாக வந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு சின்னப் பெண். காய்கறி விலை சொல்வது மாதிரி, ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். அண்ணன் மகள் அதே வேகத்தில் அடித்தாள். கடைசி பெஞ்சில் மெத்தை மட்டும் தலை குனிந்திருந்தார்.

வெளியே வரும்போது அந்தப் பெண் அவர் முன்னால் நின்றாள்.

"என் மானத்தைக் காப்பாத்தப் பாத்தீங்களா அண்ணே, உங்க மானத்தையா?"

"என்னோடதைத்தாம்மா."

தலையை ஆட்டிவிட்டு வக்கீலம்மாவோடு படி இறங்கிப் போய்விட்டாள்.

அந்த வாக்குமூலத்தை வைத்துக் கேஸ் நின்றது. அதிகாரிக்குத் தண்டனை ஆனது, அவர் மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். மெத்தையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது அவர் கடைசி மகளோடு, அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்னறையில் இருக்கிறார்.