ஆற்றுக்கு அந்தப் பக்கம் என் கார்டு

சிரம்பானுக்கு ஆற்றின் எதிர்க்கரையில், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்குள் இருக்கிற இந்த விடுதியில் மூன்றே அறைகள். நடத்துபவர் முன்பு ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய முனியம்மா அக்கா. டவுனில் இடம் கிடைக்காமல் இங்கே தங்கியிருக்கிறேன்.

மாலை ஆறு மணி. ஊரடங்குக்காகப் பாலத்துக் கம்பிக் கதவைப் பூட்டுகிறார்கள். அப்போதுதான் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறேன். அடையாளக் கார்டு இல்லை. மதியம் டவுன் டோபிக் கடையில் சலவைக்குப் போட்ட சட்டையோடு போய்விட்டது.

கார்டு இல்லாதவனைக் காட்டிலிருந்து போராடும் கம்யூனிஸ்ட்டுகளின் ஆள் என்று பிடித்துப்போகிற காலம் இது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறேன். அரை மணியில் ஒரு மலாய்க் கார்ப்பரல் சோதனைக்கு வந்து நிற்கிறார். நான் உளறியதைக் கேட்டுவிட்டு, ஏறச் சொல்லி வெளியே நிற்கிற லாரியைக் கை காட்டுகிறார்.

அக்கா குறுக்கே வந்து மலாயில் படபடவென்று பேசுகிறார். தன் கார்டை எடுத்து நீட்டுகிறார். காலையில் நான் கார்டோடு வராவிட்டால் தன்னைக் கொண்டுபோகச் சொல்கிறார். கார்ப்பரல் யோசித்து அதை வாங்கிக்கொள்கிறார். காலையில் பாலத்தில் தானே இருப்பதாகச் சொல்லிப் போகிறார்.

“நான் அப்படியே ஓடிட்டா என்னக்கா செய்வீங்க?”

“ஓட மாட்டீங்க லா. பெட்டி இங்கதானே இருக்கு.”

பெட்டியில் ஒரு பழைய வேட்டியும் துண்டும்தான்.

காலையில் பாலம் திறந்ததும் டோபிக் கடைக்கு ஓடி, சட்டையிலிருந்த என் கார்டை எடுத்துக்கொண்டு பாலத்துக்குத் திரும்புகிறேன். கார்ப்பரலிடமிருந்து அக்காவின் கார்டை மீட்டு அவர் கையில் கொடுத்த பிறகுதான் காப்பி குடிக்க உட்காருகிறேன்.