பவளத்துக்கு அம்மை போட்ட வாரம்

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்த புதிது. எங்கள் ஊரான காஜா பெராங்கில் கோழி வளர்த்த வீடு ஏராளம், கிளி வளர்த்த வீடும் உண்டு. பவளம் வளர்த்த வீடு எங்களுடையது மட்டும்தான். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் அண்ணனுக்குத்தான் அந்தக் கிறுக்கு. பூலாவ் பெசார் தீவு மீனவர் ஒருவரிடம் வாங்கிய பவளத்துண்டைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து, அதற்காகச் சைக்கிளில் டின் கட்டிக் கடல் தண்ணீர் கொண்டுவருவான். வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கச் சொன்னால் மட்டும் முதுகு வலிக்கும்.

"இது கல்லு இல்லம்மா. உசுரு இருக்கு. வாய்கூட இருக்கு" என்று பெருமையடிப்பான்.

"இந்த வீட்டுல உன் வாய் ஒண்ணு பத்தாதா?" என்பாள் அம்மா.

ஒரு செவ்வாய்க்கிழமை பவளத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அண்ணன் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஏதோ புழு ஒட்டிக்கொண்டு தின்கிறது என்றான். அம்மாவும் எட்டிப் பார்த்தாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மை போட்டிருக்குடா."

"பவளத்துக்கா?"

"உசுரு இருக்குன்னு நீதானே சொன்ன?"

அப்பா இல்லாத வீட்டில் அம்மா சொல்வதுதான் சட்டம். வாசலில் வேப்பிலை ஏறியது, தாளிப்பு நின்றது, மீன் நின்றது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியாள் யாரும் படியேறக் கூடாது என்று உத்தரவும் வந்தது.

வெளியாள்! ஞாயிற்றுக்கிழமை சிரம்பானிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அடுத்த வாரமே எங்கோ தொலைவில் கோத்தா பாருவுக்கு மாற்றல். இந்த ஞாயிறு போனால் போனதுதான். அவருடைய புகைப்படத்தை எத்தனை தடவை திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஒரு கல்லுக்கு, சரி, உயிருள்ள கல்லுக்கு வந்த நோவால் என் கல்யாணம் நிற்பதா? பற்றிக்கொண்டு வந்தது.

"சீக்கிரமா தண்ணி ஊத்திடலாமே" என்றேன்.

"பைப்புத் தண்ணி பட்டா செத்துரும்லா!" என்று குதித்தான் அண்ணன்.

சனிக்கிழமை அவன் வேலைக்குப் போகும்வரை பொறுத்திருந்தோம். அம்மா வேப்பிலையும் மஞ்சளும் போட்ட பைப்புத் தண்ணீரைப் பேசின் சட்டியில் வைத்தாள். நான் பவளத்தை அதில் முக்கி, லேசாக ஆட்டினேன். செத்துத் தொலையுமோ என்ற பயம் வேறு. சட்டென்று கடல் தண்ணீருக்கே திருப்பிவிட்டேன். பேசினின் அடியில் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

மத்தியானம் வந்த அண்ணன் பேசினைப் பார்த்துக் கத்தப் போனான், பவளத்தைப் பார்த்ததும் பூதக்கண்ணாடியை எடுத்தான். புள்ளி ஒன்றுகூட இல்லை. அம்மாவுக்கு அது மாரியாத்தாள் கருணை, அவனுக்குப் பைப்புத் தண்ணீரின் குணம். எனக்கு எதுவானாலும் சரி. வாசல் வேப்பிலையை நானே கழற்றினேன்.

மறுநாள் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தால், மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணன் அம்மைக் கதையை அளந்துகொண்டிருந்தான். இதற்காகவா இவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"தண்ணியில முக்கினது யாரு?" என்று கேட்டார் அவர்.

பெண் வாயே திறக்கக் கூடாத நேரம். "நான்தான்" என்றேன். அம்மா என்னை முறைத்தாள்.

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "செத்துப் போயிருமோன்னு பயமா இல்லையா?"

"அதைவிட, நீங்க வராமப் போயிருவீங்களோன்னுதான் பயமா இருந்துச்சு."